எட்டு நிமிஷத்துக்குள் ஒரு தோட்டம்

1895-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 28-ஆம் தேதி பாரிஸ் நகரத்தில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுஜனங்களுக்குக் காட்டிய முதல் சலனப் படங்களில் ஒன்று, லியோன் நகரத்தில் இருந்த அவர்களுடைய தொழிற்சாலையின் கதவு திறக்க, உள்ளே வேலை செய்துகொண்டிருந்த ஆண்களும் பெண்களும் வீடு திரும்புவதற்காக வெளியே வருகிற, ஒரு நிமிஷங்கூட நீடிக்காத ஒரு துண்டுப் படமாகும். அதற்கு மறு வருஷம், 1896-இல், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்னும் சீன வர்த்தகர், மலாயாவில் வியாபார நோக்கத்தோடு அமைந்த முதல் ரப்பர்த் தோட்டத்தை நட்டார். சினிமாவும் கித்தாவும் இவ்வாறு ஏறக்குறைய ஒரே பிராயத்தவை. ஆயினும் கித்தாக் காட்டில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை, அவர்களுடைய பாஷையிலேயே, இந்நாட்டில் பிறந்த ஒருவரால் முழுநீளப் படமாக எடுக்கப்பட்டு உலகத் திரைப்பட விழாக்களின் வாசலை எட்டுவதற்கு, தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ வெளிவந்த 2005 வரையில், நூறு வருஷங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்றைய மாணவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. அவர் சட்டைப் பையில் இருக்கும் தொலைபேசியே காமிரா. படத்தைத் தொகுக்கும் சாதனமும் அதுவே. முடித்த படத்தை உலகத்துக்குக் காட்டும் கொட்டகையும் அதுவேதான். புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகமும் டுரியான் துங்காலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இருக்கிற மலாக்கா மாநிலத்தில், உயர்கல்விக்கு வந்த பிள்ளைகளும், இடைநிலைப் பள்ளிகளின் தமிழ்மொழிக் கழகத்துப் பிள்ளைகளும், பாடத்துக்காகவோ போட்டிக்காகவோ வெறும் ஆசைக்காகவோ குறும்படம் எடுக்கப் புறப்படுவது இப்போது சர்வசாதாரணமான காரியம். சாமான்கள் சுலபமாகிவிட்ட காரணத்தாலேயே, சாமான்களுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைப் பலர் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். சனிக்கிழமை காலையில் நண்பர்கள் கூடி, கதை என்னவென்று காரில் போகும்போது பேசி, மத்தியானத்துக்குள் எடுத்து முடித்து, ராத்திரியே வெளியிட்டுவிட்ட படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் இரண்டாம் முறை பார்க்கத் தோன்றியவை சொற்பம்.

லூமியேர் படத்தைப் பற்றி இன்னொரு விஷயம் சொன்னால் இது விளங்கும். தொழிலாளர் வெளியே வரும் அந்தக் காட்சி, இருப்பதை இருந்தபடியே பிடித்தது என்று வெகுகாலம் நம்பப்பட்டது. ஆனால் அந்தக் காட்சிக்கு மூன்று வடிவங்கள் இருக்கின்றன. ஒன்றில் வண்டியோடு ஒரு குதிரை வருகிறது. ஒன்றில் இரண்டு குதிரைகள். மற்றொன்றில் குதிரையே இல்லை. அதாவது, அந்த ஜனங்கள் மறுபடியும் ஒருமுறை, மறுபடியும் ஒருமுறை என்று கதவைத் தாண்டி வரவழைக்கப்பட்டிருக்கிறார்கள். சினிமா பிறந்த வருஷத்திலேயே ‘ரீடேக்’கும் பிறந்துவிட்டது. காமிராவைத் திறந்து வைத்தால் வாழ்க்கை தானாக வந்து விழும் என்று அதைக் கண்டுபிடித்தவர்களே நினைக்கவில்லை.

குறும்படத்தின் முதல் வேலை கதையைத் தேர்ந்தெடுப்பது என்று எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்வது, கதையைச் சிறுக்கச் செய்வது. நம் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் விஷயங்களில் குறை இல்லை. அவை அளவுக்கு மிஞ்சிப் பெரியவை என்பதுதான் தொல்லை. குண்டர் கும்பலில் சேர்ந்து சீரழியும் வாலிபன், மூடப்பட்ட தோட்டம், குடிகாரத் தகப்பன், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பெண் ஆகிய நான்கையும் பத்து நிமிஷத்துக்குள் அடைத்து, கடைசியில் ஒரு மரணத்தையும் வைத்து, சோக வாத்தியத்தோடு முடிக்கிறார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பையன் ஒருவன் கெட்ட வழிக்கு இழுபடுவதைச் சஞ்சய் குமார் பெருமாள் ‘ஜகாட்’ படத்தில் காட்டினார். ‘ஜாஹாட்’ என்ற மலாய்ச் சொல் நம்மவர் வாயில் அப்படி மாறிய ரூபமே அந்தப் பெயர். 2015-இல் வெளிவந்து, மறு வருஷம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற பரிசைப் பெற்ற அது முழுநீளப் படம். அந்தப் பையனோடு நாம் நிதானமாக வாழ்ந்து பார்ப்பதற்கு அதில் இடம் இருந்தது. அந்த நீளத்துக்குரிய கதையைக் குறும்படத்தில் சுருக்கி வைத்தால், மிஞ்சுவது கதையின் விளம்பரம் மாத்திரமே.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோய்ப் பார்ப்போம். லேடாங் மலையின் அடிவாரத்தில், ஜொகூர் எல்லையை ஒட்டி இருக்கிறது அசகான். ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடியும் விற்க, தலைமுறை தலைமுறையாக அங்கே பால்மரம் வெட்டியவர்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற 1950-களையும் 1960-களையும் ‘தோட்டத் துண்டாடல்’ காலம் என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும், தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தாங்களே தோட்டம் வாங்க முற்பட்டதும் இந்த ஆபத்தை முன்னிட்டே. அந்தக் கொந்தளிப்பின் ஓர் அத்தியாயமாக, 1967-இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் கோலாலம்பூரை நோக்கிக் கால்நடையாகவே ஒரு நெடும்பயணம் புறப்பட்டார்கள். மலாக்கா மாணவர் ஒருவர் இந்தச் சரித்திரத்தைக் கேள்விப்பட்டால் உடனே படமாக்க விரும்புவார், விரும்பவும் வேண்டும். ஆனால் நூற்றுக்கணக்கான ஜனங்களும் பழைய நெடுஞ்சாலையும் அந்தக் காலத்துப் போலீஸ் வண்டிகளும் அவருக்கு எங்கிருந்து கிடைக்கும்? பத்துச் சிநேகிதர்களை வேஷ்டி கட்ட வைத்து, கொடி கொடுத்து, தார்ச்சாலையில் நடக்க விட்டால், அது ஊர்வலமாகத் தோன்றாது. பள்ளிக்கூட நாடகமாகத் தோன்றும்.

பயணத்தை விட்டுவிடலாம், பயணத்துக்கு முந்தின இரவை எடுக்கலாம். லயத்தில் ஒரு வீடு, அதில் ஒரு பெண், அவள் புருஷன், தூங்குகிற ஒரு குழந்தை. விடிந்தால் நடக்க வேண்டும். எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்று அவள் ஒரு துணியை விரித்து மூட்டை கட்டுகிறாள். குழந்தைக்குக் காலில் போட ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. இவ்வளவுதான் கதை. இரண்டு அறை, இரண்டு நடிகர், ஒரு குழந்தை, ஒரு விளக்கு. எட்டு நிமிஷம் போதும். ஆஸ்கார் பரிசுக்காரர்கள் நாற்பது நிமிஷம் வரையில் குறும்படம் என்றே கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தச் சலுகையை முதற்படம் எடுப்பவர் ஏற்காமல் இருப்பதே உத்தமம்.

இவ்வாறு சிறுக்கச் செய்த பிற்பாடு விசாரணை தொடங்குகிறது. பெரிய கதைக்குப் புத்தகம் போதும். சிறிய கதைக்கு மனிதர்களைத்தான் கேட்க வேண்டும். ஜாசினிலோ மெர்லிமாவிலோ அலோர் காஜாவிலோ, தோட்டத்தில் பிறந்து இப்போது தாமானில் பேரப் பிள்ளைகளோடு இருக்கிற பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், “தோட்ட வாழ்க்கையைப் பத்தி சொல்லுங்க பாட்டி” என்று கேட்டால், “கஷ்டம்தாய்யா” என்பதோடு முடித்துவிடுவார்கள். “பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீங்க? கைப்புள்ளய ஆயாக்கொட்டகையில விட்டுட்டா, பால் குடுக்க யாரு வருவா? மழை வந்து வேலை நின்னுட்டா அன்னிக்கு என்ன சமைப்பீங்க?” என்று கேட்டுப் பாருங்கள்; சாயங்காலம் வரையில் எழுந்திருக்க விடமாட்டார்கள். மங்கு, உளி, காண்டா வாளி, ஒட்டுப்பால், தீம்பார் என்று அவர்கள் வாயிலிருந்து விழும் ஒவ்வொரு வார்த்தையும் படத்துக்கு வேண்டிய சாமானாகவோ சத்தமாகவோ காட்சியாகவோ ஆகக்கூடியது. பேச்சைப் பதிவு செய்வதற்கு முன் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

பழைய காலத்துக் கதையில் எதிர்பாராத இடத்திலெல்லாம் பள்ளம் இருக்கும். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி முதல் தேதி அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டது. ஆகவே இன்று ஏழு மணி சுமாருக்கு உதிக்கிற சூரியன், 1967-இல் சுவர்க் கடிகாரப்படி ஆறரை மணி சுமாருக்கே உதித்துவிட்டான். மலேசியாவின் சொந்த நோட்டு புழக்கத்துக்கு வந்ததோ 1967 ஜூன் மாதம் 12-ஆம் தேதி. அந்தப் பெண் மூட்டையில் காசை முடிந்து வைப்பதாகக் காட்டுவதானால், எந்த மாதத்து இரவு என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். இத்தனை சங்கடம் எதற்கு என்று நினைப்பவர் கடிகாரத்தையும் நோட்டையும் காட்டாமல் விடலாம். காட்டாமல் விடுவதும் திட்டமிட்டுச் செய்கிற காரியம்தான்.

திரைக்கதையை எழுதும்போது ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிஷம் என்பது தொழில் தெரிந்தவர்களின் உத்தேசக் கணக்கு. நம் மாணவர்கள் அந்தப் பக்கங்களைச் சம்பாஷணையால் நிரப்பிவிடுகிறார்கள். “தோட்டத்தைத் துண்டாடி விற்கப்போகிறார்கள், நமக்கு வேலை போய்விடும், ஆகையால் நாளைக்கு நாம் கோலாலம்பூருக்கு நடந்து போகப் போகிறோம்” என்று புருஷன் பெண்சாதியிடம் சொல்வதாக எழுதுவார்கள். அது அவளுக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுக் கோழிக்குக்கூடத் தெரிந்திருக்கும். ரசிகருக்குத் தெரிவிப்பதற்காகப் பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் செய்தி வாசிக்கும் வழக்கத்தை வானொலி நாடகத்தோடு விட்டுவிடலாம். அந்த வீட்டில் நடக்கக்கூடிய பேச்சு இவ்வளவுதான்:

“புள்ளைக்கு சிலிப்பர் இல்லீங்க.”

“தூக்கிக்கிறேன்.”

“அம்புட்டு தூரமா?”

அவன் பதில் சொல்லாமல் விளக்குத் திரியை இறக்குகிறான். தூரத்தையும் வறுமையையும் பயத்தையும் வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாஷையைப் பற்றி இன்னும் ஒன்று. தோட்டத்துத் தமிழ் வேறு, பட்டணத்துத் தமிழ் வேறு, சென்னைச் சினிமாவின் தமிழ் முற்றிலும் வேறு. மூன்றையும் ஒரே வாயில் போட்டுக் குழப்பினால், படம் எந்த ஊரில் நடக்கிறது என்பதே மறைந்துவிடும். மலாக்காவில் இது இன்னும் சுவாரஸ்யமான சிக்கலாகிறது. காஜா பெராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள், சுல்தான்கள் காலத்திலேயே இங்கே வந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். துக்காங் எமாஸ் தெருவில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோவில் அவர்களுடையது. சைவத்தை விடாமல் காப்பாற்றி வருகிறவர்கள் வீட்டில் பேசுவதோ மலாய். அவர்களைப் பற்றிப் படம் எடுக்கிற மாணவர், சௌகரியத்துக்காக அவர்கள் வாயில் செந்தமிழைத் திணித்துவிட்டால், அந்தச் சமூகத்தின் ஐந்நூறு வருஷக் கதையையே அழித்துவிட்டார் என்று அர்த்தம்.

எழுதி முடித்ததும் இடம் தேட வேண்டும். மலாக்காவை வெளியார் பலர் காமிராவில் பிடித்திருக்கிறார்கள். ரஜினிகாந்த் நடித்த ‘கபாலி’யின் சில காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன. 1999-இல் வந்த ‘என்ட்ராப்மென்ட்’ என்ற ஹாலிவுட் படமோ, மலாக்கா ஆற்றங்கரையின் பழைய வீடுகளையும் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரத்தையும் ஒட்டுப்போட்டு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல் காட்டியதால், அப்போதைய பிரதமர் மகாதீரின் கண்டனத்துக்கு ஆளாயிற்று. வெளியாருக்கு மலாக்கா ஒரு திரைச்சீலை. உள்ளூர் மாணவருக்கு அது போதாது. அவருடைய படத்தைப் பார்க்கப்போகிறவர்களுக்கு எந்தச் சாலை எங்கே திரும்புகிறது என்பது தெரியும்.

பழைய லயம் இன்று கிடைப்பது அரிது. கித்தா இருந்த இடத்தில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. சிறு தோட்டக்காரர்களின் கித்தா மரங்கள் இன்னும் அங்கங்கே உண்டு. அங்கே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருவது போதாது. எடுக்கப்போகிற அதே நேரத்தில் போய் நிற்க வேண்டும். நாம் பூமத்திய ரேகைக்கு இரண்டு பாகை வடக்கே இருக்கிறோம். ஆகவே காலை ஒன்பதரைக்கு மேல் சூரியன் தலைக்கு நேரே ஏறத் தொடங்கி, முகங்களில் கண் இருக்க வேண்டிய இடத்தில் நிழற்குழி விழச் செய்கிறான்; மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும். நல்ல வெளிச்சம் என்பது காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், அவ்வளவே. பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டிக் கித்தா மரம் இலை உதிர்க்கும். ஜனவரியில் பாதியை எடுத்துவிட்டு, பரீட்சை முடிந்து மார்ச்சில் மீதியை எடுக்கப் போகிறவர், பச்சைக் கூரையின்கீழ் புறப்பட்ட கதாநாயகியை மொட்டை மரங்களின்கீழ் போய்ச் சேர்ப்பார்.

இது சிறியவர்களுக்கு மட்டும் நேர்கிற விபத்தன்று. சத்யஜித் ராய் 1952 அக்டோபரில் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தொடங்கியபோது, அக்காளும் தம்பியும் ரயிலைப் பார்க்க ஓடும் காட்சியை வெள்ளை நாணற்பூ அடர்ந்த ஒரு வெளியில் ஒரு நாள் எடுத்துவிட்டு, அடுத்த வாரம் மீதிக்குப் போனார். பூ இல்லை, மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடியும் பூக்கிற பருவம் வரையில் அந்தக் காட்சி நின்றது. ஆனால் படத்தின் காட்சிகளை முன்கூட்டியே ஒரு நோட்டுப் புத்தகத்தில் சித்திரங்களாக வரைந்து வைத்திருந்தபடியால், காட்சி நின்றாலும் அது எப்படி இருக்க வேண்டும் என்பது அவர் கையில் இருந்தது. ‘ஸ்டோரிபோர்டு’ என்று மாணவர்கள் சொல்லும் இந்தச் சித்திர வரிசைக்கு ஓவியத் திறமை தேவையில்லை. குச்சி மனிதர்கள் போதும். யார் எங்கே நிற்கிறார், காமிரா எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் சரி.

அனுமதி என்பது பலருக்குக் கசப்பான பேச்சு. தோட்டம் தனியார் நிலம். நிர்வாகத்துக்குக் கல்லூரியின் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். கோவில் என்றால் நிர்வாகக் குழுவினர். குழந்தை நடிப்பதானால் பெற்றோரின் கையெழுத்து. இவற்றுக்கு மேலே, 1981-ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த ஃபினாஸ் என்னும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் உரிமம் என்று ஒன்று உண்டு. தனிப்பட்ட முறையில் படம் எடுப்பவருக்கும் அது வேண்டும் என்று 2020 ஜூலையில் அமைச்சர் ஒருவர் நாடாளுமன்றத்தில் சொல்லப்போய், நாடே கேலி செய்ய, சமூக ஊடகங்களில் போடுகிறவர்களுக்கு உரிமம் தேவையில்லை என்று சில நாட்களில் அரசாங்கம் விளக்கம் கொடுத்தது. மாணவர் தம் கல்வி நிலையத்தின் வழியாக இதைத் தெளிவுபடுத்திக்கொண்டு இறங்குவது விவேகம். பின்னணிக்கு இளையராஜாவின் பாட்டைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர், அதற்கும் உரிமையாளர் உண்டு என்பதை மறக்கலாகாது.

படம் கொஞ்சம் மங்கினால் ஜனங்கள் பொறுப்பார்கள்; பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். தொலைபேசியில் இருக்கும் மைக் பேசுகிறவரைவிடப் பக்கத்தில் பறக்கும் ஈயையே நன்றாகக் கேட்கும். சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்றை இரவல் வாங்கியாவது கொண்டுபோக வேண்டும். தகரக் கூரையில் மழை விழுந்தால் அன்றைய சம்பாஷணை போயிற்று. சாயங்காலத்துச் சில்வண்டு, பாங்கோசை, தூரத்து நெடுஞ்சாலையின் இரைச்சல் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரு நேரக் கணக்கு இருக்கிறது. இடம் பார்க்கப் போகும்போதே கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். மாசி மகத்தன்று செங்கில் சன்னாசிமலைக் கோவில் பக்கம் அந்தரங்கமான காதல் காட்சியை வைத்துக்கொள்கிறவரை முருகனும் காப்பாற்ற மாட்டான். எடுத்து முடித்த ஒவ்வோர் இடத்திலும் எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, அந்த இடத்தின் மௌனத்தை ஒரு நிமிஷம் பதிவு செய்து வைத்துக்கொண்டால், தொகுக்கும்போது வெட்டுக்களை மூட அது உதவும். மௌனத்துக்கும் இடத்துக்கு இடம் நிறம் வேறு.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். காமிரா இரவல், நடிகர் சிநேகிதர், வெளிச்சம் சூரியன். மிச்சம் இருப்பது பெட்ரோலும் சாப்பாடும். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வந்த பிள்ளைகளுக்கு எட்டு மணிக்கு நாசி லெமாக் வராவிட்டால், பத்து மணிக்குக் கதாநாயகன் முகத்தில் தெரிவது சோகரசம் அன்று, பசி.

கடைசியாக ஒரு யோசனை. 1946-இல் ஏற்பட்ட மலாயாத் திரைப்படப் பிரிவு தயாரித்த படங்களை, அரசாங்கத் தகவல் இலாகாவின் வண்டிகள் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் கொண்டுபோய், திடலில் திரை கட்டிக் காட்டிய காலம் ஒன்று இருந்தது. முடிந்த குறும்படத்தைப் போட்டிக்கு அனுப்புவதற்கு முன்னால், அதே மாதிரி கோவில் திடலிலோ தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, கதை சொன்ன பாட்டிமாரைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்துக் காட்டிப் பாருங்கள். அவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். “உளிய அப்புடி புடிச்சா மரம் காயமாயிரும்”, “வெட்டு எடது பக்கம் மேல தொடங்கி வலது பக்கம் எறங்கணும்”, “எங்க லயத்துல அடுப்பு இந்தப் பக்கம்” என்று படம் ஓடும்போதே பேசுவார்கள். இயக்கியவர் பின்வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்து, அவர்கள் எந்த இடத்தில் பேசுகிறார்கள், எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார்கள் என்பதை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். விளக்கைப் போட்டதும் யாராவது ஒருத்தி திரும்பி, “அந்தப் புள்ளய கடைசி வரைக்கும் தூக்கிக்கிட்டே போனானா, இல்ல நடக்க விட்டானா?” என்று கேட்டால், பதில் சொல்ல அவசரப்படாமல் அதையும் எழுதிக்கொள்ளலாம்.